வீட்டின் மேல் சாய்ந்த புளியமரத்துக்கு நக்கிள் பூம் கிரேன் ஒத்துவருமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் கரையோரத்துப் பெரியபட்டினத்தில் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய புளியமரம். காற்றில் வேர்ப்பக்கம் மண் வெடித்து, மாடியைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது. ஏறி வெட்டுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு "இதுல ஏற முடியாதுண்ணே" என்று கையை விரித்துவிட்டார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் லாரியில் இருந்து ஒரு இரும்புக் கை நீண்டு, கிளையைப் பிடித்து, தானே அறுத்து, தானே கீழே வைக்கிறதே, நக்கிள் பூம் கிரேன் என்று, அது இங்கே நடக்குமா என்பது முதல் கேள்வி. கேட்டவரின் மச்சான் கத்தாரில் ஹியாப் என்கிற இதே மாதிரி லாரி கிரேன் ஓட்டியவர், ஊர் திரும்பிவிட்டார். அதையே வாங்கித் தொழிலாகச் செய்யலாமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில்: மரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் லாரி கெட்டியான தரையில் நிற்க இடமிருந்தால் நடக்கும். சாய்ந்த மரத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டாவது கேள்விக்கு: கிரேனை வாங்குங்கள், கை நுனியில் மாட்டும் அறுக்கும் தலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கிரேனை வாங்கும்போதே தலைக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம் பக்கம் மரம் தள்ள ஜேசிபியும் ஹைட்ராவும்தான் பழக்கம். ஜேசிபி தள்ளும். விழுகிற திசையில் ஆளும் வீடும் இல்லையென்றால் சரி. ஹைட்ரா கிரேன் கயிற்றில் தூக்கும். ஒருவர் மரத்தில் ஏறி பெல்ட் கட்ட வேண்டும், பவர் சா வைத்து அறுக்க வேண்டும், அறுந்த துண்டு கயிற்றில் ஊசலாடும்போது அவர் ஒதுங்கியும் கொள்ள வேண்டும். விபத்தெல்லாம் இந்த இடத்தில்தான். நக்கிள் பூம் கிரேனில் கயிறு கிடையாது. தோள், முழங்கை போல இரண்டு மூன்று இடத்தில் மடங்கும் ஹைட்ராலிக் கை, அதற்குள்ளிருந்து குழாய் குழாயாக நீளும் பாகம், நுனியில் சுழலும் ஒரு மூட்டு, அதில் கிராப்பிள் சா. கிராப்பிள் என்பது கட்டையைக் கவ்வும் இரும்பு நகங்கள். அதன் அடியில் ஒரு பெட்டிக்குள் செயின் பார், அதாவது அறுக்கும் செயின் ஓடும் தகடு, மடங்கியிருக்கும். நகங்கள் கவ்வி இறுகிய பிறகு பார் வெளியே வந்து அறுத்துவிட்டு உள்ளே போய்விடும். துண்டு ஆடாது, சுழலாது. கை எங்கே போகிறதோ அங்கே போகும். இதை ஓட்டுகிறவர் கழுத்தில் ரிமோட்டை மாட்டிக்கொண்டு, மரம் நன்றாகத் தெரிகிற, துண்டு விழ வாய்ப்பில்லாத இடத்தில் தள்ளி நிற்பார். மரத்தில் ஆள் கிடையாது.

இன்னொரு வசதி, கை மடங்குவதால் மின்கம்பிக்கும் மாடிக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்து வேலை செய்யும். நீட்டிய கம்பு மாதிரி நேராக நிற்கும் ஹைட்ரா பூமுக்கு அது முடியாது.

மச்சானுக்காக ஒரு தகவல். அவர் ஓட்டிய ஹியாப், சுவீடனில் ஹுடிக்ஸ்வால் என்ற ஊரில் 1944-ல் ஆரம்பித்த கம்பெனி. ஆரம்பித்த எரிக் சுந்தின் பனிச்சறுக்குக் கட்டை செய்துகொண்டிருந்தவர். லாரி எஞ்சினின் சக்தியிலேயே பாரம் தூக்கலாம் என்று யோசித்தவர் அவர். கிராப்பிள் சாவும் அந்தப் பக்கத்துக் காட்டு வேலையின் வாரிசுதான். பின்லாந்து, சுவீடன் காடுகளில் மரத்தை நின்றபடி பிடித்து அறுக்கும் ஹார்வெஸ்டர் மெஷின்களின் தலையைச் சிறிதாக்கி, கிரேன் கையில் தொங்கவிட்டதுதான் இது.

இனி முக்கியமான விஷயம், எடை. கிரேனை வாங்க வருகிறவர்கள் "எத்தனை டன்?" என்று கேட்பார்கள். இந்தக் கிரேனுக்கு டன் என்று ஒரு எண் கிடையாது, டன்-மீட்டர்தான். எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. 20 டன்-மீட்டர் கிரேன் 10 மீட்டரில் 2 டன், 16 மீட்டரில் ஒன்றேகால் டன் என்று கணக்கு வரும். நீளும் பாகங்களின் சொந்த எடையும் சேர்வதால் கிரேனில் ஒட்டியிருக்கும் சார்ட்டில் அதைவிடக் குறைவாகத்தான் போட்டிருப்பார்கள். சார்ட்டில் உள்ளதுதான் செல்லும். அதிலிருந்து கிராப்பிள் சாவின் எடையைக் கழிக்க வேண்டும். சுழல் மூட்டோடு சேர்த்து 300 கிலோவிலிருந்து அரை டன் வரை இருக்கும். 400 கிலோ தலை என்றால், 16 மீட்டரில் மரத்துக்கு மிஞ்சுவது முக்கால் டன் சொச்சம்கூட இல்லை.

அந்த முக்கால் டன் எவ்வளவு பெரிய துண்டு? இங்கேதான் நம் ஊர் மரக்கடைக் கணக்கு ஆளைக் கவிழ்க்கும். மரக்கடையில் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 6 அடி சுற்றளவு, 7 அடி நீளம் என்றால் ஒன்றரையும் ஒன்றரையும் இரண்டேகால், ஏழால் பெருக்கினால் 15.75 கன அடி. பட்டையும் பக்கச் சக்கையும் போக அறுவைக்குக் கிடைக்கும் மரத்துக்கான கணக்கு அது. வியாபாரத்துக்குச் சரி. ஆனால் கிரேன் சக்கையையும் சேர்த்துத்தான் தூக்குகிறது. உருளையின் உண்மைக் கணக்கு, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி 12.57-ஆல் வகுத்து நீளத்தால் பெருக்குவது. அதே கட்டைக்கு 20 கன அடி வரும். மரக்கடைக் கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே விட்டுவிடுகிறது. ஒரு கன அடித் தண்ணீரே 28 கிலோவுக்கு மேல். பச்சைப் புளி அதைவிடக் கனம், ஆகவே திட்டம் போடும்போது கன அடிக்கு 32 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மரக்கடைக் கணக்கில் 504 கிலோ என்று நினைக்கும் துண்டு உண்மையில் 640 கிலோ. இலையும் காயுமாக உள்ள கொப்பு என்றால் இன்னும் மேலே.

சரி, கூடிப்போனால் என்ன, கிரேனில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதிக பாரம் என்றால் நிறுத்திவிடுமே என்று கேட்கலாம். நிறுத்தும். ஆனால் சாதாரண வேலையில் பாரத்தைத் தரையிலிருந்து தூக்கும்போதே அது எச்சரித்துவிடும், திரும்ப வைத்துவிடலாம். மரத்தில் அப்படியில்லை. அறுத்து முடியும் வரை எடையை மரம்தான் தாங்குகிறது. அறுந்த நொடியில் மொத்தமும் கைக்கு வருகிறது, அப்போது திரும்பக் கொண்டுபோய் ஒட்ட முடியாது. கம்ப்யூட்டர் கையை வெளியே நீட்டவும் கீழே இறக்கவும் விடாது, உள்ளே இழுக்க மட்டும் விடும். உள்ளே இழுக்கிற பாதையில் உங்கள் மாடி இருந்தால்? அதனால்தான் மர வேலையில் சார்ட்டில் உள்ளதில் பாதிக்கு மேல் நான் போவதில்லை. துண்டு சிறிதானால் இன்னும் இரண்டு தடவை கை போய் வரும், அவ்வளவுதான்.

அடுத்தது தரை. வீடியோக்களில் காட்டுவதெல்லாம் தார்ச்சாலை, புல்தரைக்கு அடியில் கெட்டி மண். நமக்கு மண்டபத்திலிருந்து ராமேசுவரம் வரையும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கரையோரமாகப் போனாலும், நிறைய இடத்தில் காலடியில் மணல். கிரேன் காலின் இரும்புப் பாதம் 40 சென்டிமீட்டர் சதுரம் என்று வையுங்கள். கை நீண்டிருக்கும் பக்கத்துக் காலில் 8 டன் இறங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 50 டன் அழுத்தம். கட்டட அஸ்திவாரக் கணக்கில் இளகிய உலர்ந்த நைசு மணலுக்குச் சதுர மீட்டருக்கு 10 டன்தான் வைப்பார்கள். தண்ணீர் மட்டம் பக்கத்தில் இருந்தால் அதிலும் பாதி. தனுஷ்கோடிப் பக்கம் கையால் மணலைப் பறித்தாலே ஊற்று வந்துவிடும், உங்கள் ஊரிலும் கரையோரத் தோப்புகளில் ஆழம் அதிகமில்லை. ஆகவே காலுக்கு அடியில் குறைந்தது ஒரு மீட்டர் சதுரத்துக்கு ரயில் ஸ்லீப்பர் கட்டையோ கனமான இரும்புத் தகடோ வேண்டும். ஈர மணல் என்றால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல்.

கட்டையை வைத்ததும் வேலையை ஆரம்பித்துவிடக் கூடாது. காலை இறக்கி, கையை வெறுமையாக மரத்தின் பக்கம் முழுசாக நீட்டி, கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, குனிந்து கட்டையின் ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் மணல் வளையமாக மேலே பிதுங்கியிருந்தாலோ, கட்டையின் ஒரு மூலை விரல்கடை இறங்கியிருந்தாலோ, இடத்தை மாற்றிவிட வேண்டும். தண்ணீர் தெளித்து மிதித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது மேல்தோலை மட்டும்தான் இறுக்கும்.

மணலைவிட மோசமானது ஒன்று உண்டு, செப்டிக் டேங்க். நம் பக்கத்து வீடுகளில் அது கொல்லையிலோ சந்திலோ மணல் மூடிக் கிடக்கும். தூர்க்காத பழைய கிணற்றுக்கு மேல் சிலாப் போட்டு மறந்துபோன வீடுகளும் இருக்கின்றன. கிரேன் வருவதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கூப்பிட்டு, எது எங்கே இருக்கிறது என்று கோலப்பொடியால் வட்டம் போட்டுவிடுங்கள். அந்த வட்டத்துக்கு ஒரு மீட்டர் சுற்றிக்கூடக் கால் இறங்கக் கூடாது.

சந்து குறுகலாக இருந்தால் கால்களை முழுசாக வெளியே தள்ள முடியாது. அப்போது அந்தப் பக்கத்தில் தூக்கும் திறன் வெகுவாகக் குறையும். நல்ல கிரேன்கள் கால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தானே அளந்து குறைத்துக்கொள்ளும். பழைய வண்டிகளில் அது இருக்காது, ஓட்டுகிறவர்தான் தெரிந்து நடக்க வேண்டும்.

வெட்டு வரிசை உங்கள் மரத்துக்கு இப்படிப் போகும். முதலில் மாடி மேல் கவிந்த கொப்புகள், நுனியிலிருந்து உள்ளே. கிடையாக நீளும் கொப்பை, அறுக்கும் இடத்துக்கு வெளியே, அந்தத் துண்டின் எடை நடுவாக வரும் இடத்துக்குப் பக்கத்தில் கவ்வ வேண்டும். அடியில் கவ்வினால் நுனி கனத்துத் தலைகுப்புறத் தொங்கி, சுழல் மூட்டை முறுக்கும். நட்டுக்குத்தாக நிற்கும் துண்டென்றால் நடுவுக்கு மேலே கவ்வினால்தான் அறுந்ததும் நேராகத் தொங்கும். ஆனால் பார் நகங்களுக்கு அடியிலேயே இருப்பதால் அறுப்பும் அங்கேதான் விழும், துண்டு கவ்விய இடத்துக்கு மேலேதான் நிற்கும். அதனால்தான் இந்த முறையில் நீளத் துண்டுக்கு ஆசைப்பட முடியாது. கவ்வியதும் கையை ஒரு இழை மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். தூக்கவே இல்லையென்றால் கொப்பு தொய்ந்து பாரை இறுக்கிக்கொள்ளும். அளவுக்கு மீறித் தூக்கினால் அறுந்ததும் துண்டு மேலே எகிறும். பழகிய ஆள் அறுக்கும்போது தூரத்தில் நின்றாலும் தெரியும்: தூள் கொட்டிக்கொண்டிருக்கும், சட்டென்று நின்றுவிடும், கை ஒரு சாண் தணிந்து அப்படியே நிற்கும். குலுங்காது.

புளியில் பட்டையைக் கவனிக்க வேண்டும். சாறு ஓடுகிற காலத்தில் நகங்கள் இறுக்கும்போது பட்டை உரிந்து வழுக்கும். உரிந்தால் விட்டுவிட்டு மறுபடி கட்டையையே கவ்வ வேண்டும். கடைசியில் அடிமரம். உங்கள் மரத்தில் வேர் ஏற்கெனவே தூக்கியிருக்கிறது. தலைப்பாரம் குறையக் குறைய வேர்க்குடை பழைய குழிக்குள் திரும்ப உட்காரப் பார்க்கும். புயலில் விழுந்த மரங்களிலும் இதே கதைதான், படுத்திருந்த அடிமரம் அறுத்தவுடன் நிமிர்ந்து நிற்கும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் இறங்கி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைக் கலக்கும். அறுத்து முடியும் வரை அந்தப் பக்கமே யாரையும் விடாதீர்கள்.

தென்னை, பனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொப்பு இல்லாததால் வேலை சுலபம், கவ்வி, அறுத்து, இறக்க வேண்டியதுதான். ஆனால் பனையின் வெளிச்சுற்று வைரம், செயினைச் சீக்கிரம் மழுக்கும். கடலோரத்து மரங்களின் அடிப்பட்டையில் காற்றடித்த மணல் புதைந்திருக்கும், அது இன்னும் மோசம். பனையைக் கூரை வாரைக்கு வைத்துக்கொள்ள விரும்பினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆறடித் துண்டுகளாக்கி விறகாக்கிவிடுவார்கள். அதோடு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. வீட்டுக் கொல்லையில் நின்றாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புளி உங்கள் பட்டா நிலத்துக்குள் என்றால் பிரச்சினை குறைவு. அடிமரம் சாலையோரப் புறம்போக்கில் நின்றால் அது அரசு மரம், அனுமதி கேட்டு மாவட்டப் பசுமைக் குழு வரை போக வேண்டும்.

மின்கம்பி விஷயத்தில் பேரம் கிடையாது. இ.பி. ஆபீசில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, லைன்மேன் வந்து எர்த் போட்ட பிறகுதான் கை மேலே போக வேண்டும். ரிமோட்டில் ஓட்டுவதால் எனக்கொன்றும் ஆகாது என்று ஓட்டுகிறவர் நினைக்கலாம். கை கம்பியில் பட்டால் லாரி, கால்கள், சுற்றியுள்ள ஈர மணல் எல்லாவற்றிலும் மின்சாரம் இறங்கும். லாரியைத் தொட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பவர்தான் முதலில் போவார்.

காற்று: ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மண்டபம், பாம்பன்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் விடிந்து கொஞ்ச நேரம்தான் மரம் சும்மா நிற்கும். இலையோடு பிடித்த கொப்பு பாய் விரித்த மாதிரி காற்றை வாங்கும், அந்த இழுப்பு கிரேன் சார்ட்டில் எங்கும் இல்லை. முடிந்தால் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மரம் அதுவரை தாங்காது போலிருந்தால் விடியற்காலையில் ஆரம்பித்து, மாடிப் பக்கத்துக் கொப்புகளை மட்டும் முதலில் இறக்கிவிடுங்கள். சாய்வின் பாரம் குறைந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

இனி தொழில். கிராப்பிள் சா மட்டும் நம்பி இந்தக் கரையில் வண்டி ஓடாது. மரம் இறக்கும் வேலை புயல் வந்தால் குவியும், மற்ற நாளில் விட்டு விட்டு வரும். சீமைக்கருவேலம்தான் கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். அது தூரிலிருந்து பல கிளையாகப் படரும் முள், வேரோடு பிடுங்க ஜேசிபி போதும். கரிமூட்டத்துக்கு வாங்குகிறவர்கள் இந்த மெஷினுக்குக் கட்டுப்படியாகும் கூலி தர மாட்டார்கள். லாரி கிரேனுக்கோ வேறு வேலை நிறைய உண்டு: வல்லம், ஃபைபர் படகு ஏற்றி இறக்குவது, படகு எஞ்சின், மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், தண்ணீர்த் தொட்டி, கட்டடச் சாமான். மச்சானுக்குக் கை பழகிய வேலையும் அதுதான்.

ஆனால் கிரேனை ஆர்டர் செய்யும்போதே கேட்க வேண்டியவை உண்டு. கை நுனி வரை கூடுதல் ஹைட்ராலிக் ஹோஸ் லைன் போட்டிருக்க வேண்டும். கவ்வ ஒன்று, சுழல ஒன்று என்று குறைந்தது இரண்டு ஜோடி. அறுக்கும் மோட்டாருக்கு எண்ணெய் வேகம் அதிகம் வேண்டும், பம்ப் அதைக் கொடுக்குமா என்று பார்க்க வேண்டும். கொக்கி போட்டுத் தூக்க மட்டும் என்று வந்த கிரேனில் பிறகு இதையெல்லாம் சேர்ப்பது செலவு. அதைவிட முக்கியம், கிராப்பிள் சா மாட்ட கிரேன் கம்பெனியே எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். அறுந்த துண்டு சட்டென்று இறங்கும் அதிர்ச்சியைத் தாங்காத சிறு கிரேன்களில் வெல்டிங் மூட்டுகளில் விரிசல் விடும். ரிமோட் கட்டாயம். லாரியில் கிரேனை ஏற்றிய மாற்றத்தை ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் பதியாவிட்டால் விபத்தில் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

பழைய வண்டி பார்க்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சிலிண்டர் தண்டுகளை முழுசாக வெளியே தள்ளச் சொல்லி, நகத்தால் மேலிருந்து கீழே வரை வருடிப் பாருங்கள். உப்புக் காற்றில் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு குழி விழுந்திருக்கும். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அது சீலைக் கிழிக்கும், எண்ணெய் கசியும். வாங்கிய பிறகும் வேலை முடிந்தால் கையை மடக்கியே நிறுத்துங்கள், வெளியே தெரியும் தண்டில் கிரீஸ் தடவுங்கள். வாரம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில் லாரியைக் கழுவுவதா என்று வீட்டில் சண்டை வரும், சமாளித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வேடிக்கை பார்க்கிற கூட்டம். கிரேன் வந்தால் தெருவே கூடும். செயின் அறுந்தால் அதன் ஒரு கண்ணி துப்பாக்கிக் குண்டு வேகத்தில், பார் இருக்கும் அதே தளத்தில் பறக்கும். கிராப்பிள் சாவின் தலை சுழல்வதால் அந்தத் தளம் ஒவ்வொரு வெட்டுக்கும் மாறும். ஓட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் பாருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டுக்கு நகர்ந்துகொள்ள வேண்டும். கூட்டத்தைத் தெருமுனைக்கே கயிறு கட்டி நிறுத்த வேண்டும், எதிர்மாடியில் நின்று மொபைலில் வீடியோ எடுக்கிற பையன்களையும் சேர்த்து. கேட்க மாட்டார்கள். ஜமாத்திலோ ஊர்ப் பெரியவர்களிடமோ முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், காலையில் நீங்கள் கத்த வேண்டியிருக்காது.